இன்ஜினை அணைத்து இறங்கிய வண்டி

டீசல் விலை ஏறினால் எனக்கு முதலில் ஏறுவது கோபம். மற்றதெல்லாம் அப்புறம்தான். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த அந்த வருஷங்களில் நான் கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஜீப், ஆனால் சொந்த ஜீப். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தொண்டையைக் கனைத்தாலே, "ஏத்திட்டான்யா, மறுபடியும் ஏத்திட்டான்!" என்று கத்துவேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "கத்தறதுக்கு மட்டும் டீசல் ஊத்த வேணாம், அதான் நிக்காம ஓடுது" என்பாள். அவள் வாயை நான் எந்தக் காலத்திலும் ஜெயித்ததில்லை.

விலை ஏறிவிட்டது என்று மறுநாளே கூலியை ஏற்றிவிட முடியுமா? ஏற்றிப் பார்த்தேன். புளியும் கடுக்காயும் மூட்டை கட்டிக்கொண்டு நின்ற மலைக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "நாங்க பஸ்சுல வரோங்க, நீங்க போங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பஸ் எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, பஸ் டிரைவருக்கும் தெரியாது. நானும் வீம்புக்கு ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. கடைசியில் பழைய கூலிக்கே ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆக, கூலியில் கை வைக்க முடியாது, டீசலில்தான் கை வைக்க வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெயைக் கலந்து பார்த்தேன். வண்டி கன்னங்கரேலென்று புகை கக்கியது. அன்றைக்குப் பின்சீட்டில் வந்த என் மனைவி இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோனாள். அவளுக்கு ஏற்கெனவே மூச்சிளைப்பு உண்டு. அதோடு மண்ணெண்ணெய்க்கு ஒரு கும்பிடு. அடுத்து, டேங்க்கை நிரப்புவதை நிறுத்தினேன். டேங்க் நிறைந்திருக்கிறது என்று தெரிந்தால் சொந்தக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் சங்கராபுரத்தில் அவசர வேலை வந்துவிடும். ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு போகிற புண்ணியவான்களும் ஊரில் இருந்தார்கள். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றிக்கொள்வேன். எங்கள் ஜீப்காரர்கள் எல்லாருக்கும் அதே பழக்கம்தான். ராத்திரி ஆனால் எல்லா ஜீப்பும் வெறும் வயிற்றோடு நிற்கும்.

இதையெல்லாம்விட அதிகமாக மிச்சம் பிடித்துக் கொடுத்தது இறக்கம்தான். வெள்ளிமலையிலிருந்து கீழே வரும்போது ஓர் இடத்துக்குப் பிறகு ஏற்றமே கிடையாது. அங்கே வந்ததும் இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவோம். பிரேக்கை மிதித்து மிதித்துப் பிடித்தால், கோமுகி அணை வரைக்கும் வண்டி தன் எடையிலேயே உருண்டு வந்துவிடும். சமதரை தட்டுப்பட்டதும், உருள்கிற வேகத்திலேயே கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். தப்பான வேலை என்று எல்லாருக்கும் தெரியும். பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் விலை ஏற ஏற, நாங்கள் இன்ஜினை அணைக்கிற இடமும் மலையில் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது.

அணைத்த பிறகு ஓர் அமைதி வரும் பாருங்கள், அது எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்ன, பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டயர் கல்லை நெரிக்கிற சத்தம் மட்டும் காலுக்கடியில் கேட்கும். எதிர்ச்சரிவில் யாரோ விறகு பிளப்பது காதுக்குப் பக்கத்தில் கேட்கும். ரோட்டோரம் நடக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதுதான் ரொம்ப மோசம். இன்ஜின் ஓடினால் தூரத்திலேயே ஒதுங்கி நின்று யார் வண்டி என்று பார்க்கிற அதே ஜனம், இப்போது முதுகைக் காட்டிக்கொண்டே நடக்கும். உரசுகிறாற்போல அவர்களைக் கடந்து போவோம். கடந்த பிறகும் சிலர் தலையைத் தூக்கமாட்டார்கள். ஒருதடவை ரோட்டோரம் படுத்திருந்த நாயை ஒட்டிக்கொண்டு போனேன், அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நாம் நிஜமாகவே இந்த ரோட்டில் இருக்கிறோமா என்று ஒரு நினைப்பு அப்போது வரும். வண்டியில் இருக்கிறவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். யாரும் சொல்லி நிறுத்துவதில்லை.

மலைக்காரர்கள் அதற்குச் 'செத்த வண்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் மனைவிக்கு அந்தப் பேச்சே ஆகாது. சந்தை நாளில் அவளும் என்னோடு வெள்ளிமலைக்கு வருவாள், வளையல் விற்க. பெண்களின் கையைப் பிடித்து அமுக்கி, வலிக்காமல் வளையலை ஏற்றிவிடுவதில் அவள் கெட்டிக்காரி. திரும்பும்போது நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"யோவ், சத்தம் போட்டுக்கினு போய்யா. பொணம் போறாப்புல இருக்குது."

"சும்மா கெட. சத்தத்துக்கு டீசல் யாரு ஊத்தறது, உங்கப்பனா?"

"ஆரனாவது அடி."

"பேட்டரி எறங்கிடும்."

"நீ மூச்சு வுடறதே ஜாஸ்திய்யா. அதையும் ஒரு வேளை வுட்டு ஒரு வேளை நிறுத்திப் பாரேன்" என்பாள். பின்சீட்டே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ளமாட்டேன்.

அந்தத் தடவை சந்தைக்குக் கிளம்பியபோது போராட்டக்காரர்களின் சாலை மறியல் வரப்போகிறது என்று ஊருக்கே தெரியும். என்றைக்கு என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு. போன கையோடு திரும்பிவிடலாம் என்று, போய் வருகிற அளவுக்கு மட்டும் டீசல் ஊற்றினேன். அவளும் ஒரு நாளைக்கான இளைப்பு மாத்திரையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள். சந்தை பாதி நடந்துகொண்டிருக்கும்போது கீழேயிருந்து ஏறி வந்த பஸ் டிரைவர் செய்தி சொன்னார். ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், பங்க்குகள் மூடிவிட்டன, வண்டி கண்ணில் பட்டால் கண்ணாடி மிஞ்சாது. சொல்லிவிட்டுப் பஸ்ஸை அங்கேயே ஓரங்கட்டி, அதிலேயே படுத்துவிட்டார்.

நாங்களும் தங்கினோம். எங்களோடு எப்போதும் ஜீப்பில் வருகிற புளி வியாபாரி ஒருவர், என் வயதுக்காரர், அவருடைய வீட்டில் இடம் கொடுத்தார். என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளில் மறியல் விடும் என்று பார்த்தால் விடவில்லை. மலைக் குளிரும் பனிமூட்டமும் அடுப்புப் புகையும் சேர்ந்து அவளுக்கு இளைப்பைக் கிளப்பிவிட்டன. மாத்திரை தீர்ந்தது. ஊசி போடுகிற நர்ஸம்மா சந்தைக்கு முந்தின நாள் கீழே போனவர், திரும்பி ஏற முடியவில்லை. கச்சிராயபாளையத்தில் மருந்துக்கடை ஒன்றும் திறக்கவில்லை என்று, காட்டு வழியாக நடந்து வந்தவர் சொன்னார். மறுநாள் விடிந்தபோது அவளால் படுக்க முடியவில்லை. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஒழிய வேறு வழி இல்லை.

டேங்க்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். இன்ஜினைப் போட்டுக்கொண்டே இறங்கினால் கச்சிராயபாளையம்வரைக்கும்தான் வரும். அணைத்து இறக்கினால் கள்ளக்குறிச்சிவரை போய்ச் சேர்ந்துவிடலாம். ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தேன். வெறும் வயிற்று ஜீப்புகளில் கடன் கொடுக்க யாரிடம் டீசல் இருக்கும்? பஸ் டேங்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்தது, சாவி டெப்போவில். புளிக்காரர், "நானும் வரேங்கண்ணா, அக்காவ நிமித்திப் புடிச்சிக்கறேன்" என்று பின்சீட்டில் ஏறி அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கிளம்பினோம்.

வழக்கமாக அணைக்கிற இடத்துக்கும் முன்னாலேயே அன்றைக்கு இன்ஜினை அணைத்தேன். அமைதி வந்தது. அதற்குள்ளே அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. சைக்கிள் டியூபில் முள் குத்தின இடத்தில் காற்று இறங்குமே, அந்த மாதிரி, மெல்லிசாக, நீளமாக. உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறொரு சத்தம். ஜீப் முழுக்க அதுதான் இருந்தது. இத்தனை வருஷமாக நான் வெறுத்த அந்த அமைதிக்கு அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. திரும்பிப் பார்க்காமலே அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் எழும். அது அடங்குகிறவரைக்கும் பின்பக்கமே காதை வைத்திருப்பேன். அடங்கியதும் மறுபடி அவள் மூச்சு.

மூட்டம் கலையவில்லை. ஒரு வளைவு தாண்டினதும் சிறுபாலச் சுவரில் நாலைந்து பெண்கள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வருவது அவர்களுக்குத் தெரியவில்லை.

"அந்த வளையக்காரம்மாவுக்கு ரொம்ப முடியலையாமே."

"ஆமாண்டி, பாவம். நல்ல மாதிரியா இருந்துச்சு. எம்பொண்ணு கைக்கு அளவு பாத்துப் போட்டு வுட்டுச்சு."

"சிரிச்சிக்கினே இருக்குமே, அதுதானே?"

"அதேதான். இன்னா பண்றது, அதது தலையெழுத்து."

அவர்கள் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நாங்கள் உருண்டு போனோம். ஒருத்தியும் திரும்பவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது. இதோ இருக்கிறாள்டி, வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று. ஆரன்மேல் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பெண்களின் பேச்சு பின்னால் தேய்ந்து மூட்டத்துக்குள் போய்விட்டது.

பின்னாலிருந்து அவள் குரல், துண்டு துண்டாக: "கேட்டியாய்யா... இருந்துச்சாம்..."

"அவளுங்க கெடக்கறாளுங்க. நீ பேசாம வா."

"நல்ல மாதிரியாமே... நீ ஒரு நாளு... சொல்லியிருப்பியா..."

"சொல்றேன்டி, சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் போயி சொல்றேன்" என்றேன். கண்ணீரில் எனக்கு ரோடு தெரியவில்லை. துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

கடைசி வளைவுகளில் மூட்டம் விலகிச் சமவெளி தெரிந்தது. அந்த இடத்துக்கு வந்தால் கீழேயிருக்கிற ஊர்களின் இரைச்சல் மலைமேல் ஏறி வரும். கரும்பு டிராக்டர், டவுன் பஸ், எங்காவது ஒரு கோயில் ஸ்பீக்கர். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. அணைத் தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. ரோடு தெரிந்தது, ரோட்டில் ஒன்றும் நகரவில்லை. தூரத்தில் இரண்டு இடத்தில் கறுப்புப் புகை நேராக எழும்பி அப்படியே நின்றது. இவ்வளவு பெரிய ஊர்ப்பக்கம் முழுக்கவும் எங்களைப் போலவே இன்ஜினை அணைத்துவிட்டுக் கிடந்தது.

அணைக்குப் பக்கத்தில் சமதரை வந்தது. வண்டி வேகம் குறைந்தது. இங்கேதான் கியரைப் போட வேண்டும். எனக்குக் கை வரவில்லை. இன்ஜின் பிடித்துக்கொண்டால் அந்தப் பழைய ஜீப் போடுகிற இரைச்சலில் அவள் மூச்சு எனக்குக் கேட்காது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உருளவிட்டேன். இதற்கு மேல் விட்டால் வண்டி நின்றுவிடும். நின்றால் தள்ளிவிட ஆளும் இல்லை, பேட்டரியையும் நம்ப முடியாது.

"போட்டு வுடுய்யா..." என்றாள். "சத்தம் கேட்டா... நல்லாருக்கும்..."

புளிக்காரரிடம் சொன்னேன்: "அவ மூச்சு வுடறது எனக்குத் தெரியணும்ப்பா. ஒவ்வொரு மூச்சுக்கும் என் தோள்ல தட்டு. நிறுத்தாத."

"சரிங்கண்ணா" என்றார். அவருடைய கை என் இடது தோளில் வந்து உட்கார்ந்தது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, கர்ஜித்துக்கொண்டு கிளம்பியது.

தட்டினார். ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, சட்டென்று இரண்டு, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, நான் பிரேக்கில் காலை வைத்தபோது மறுபடி ஒன்று. தாறுமாறாக வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நானும் மூச்சு விட்டேன். கச்சிராயபாளையம் வந்தது. எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது ஒரு வீட்டிலும் கதவு திறந்திருக்கவில்லை. இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு போகிறோம், ஒரு சன்னல் திறக்கவில்லை, ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. டீக்கடை வாசலில் ஒரு பெஞ்சு கவிழ்ந்து கிடந்தது. சத்தம் போட்டால் ஜனம் திரும்பிப் பார்க்கும் என்று எத்தனை தடவை சொன்னாளோ, அன்றைக்குச் சத்தம் போட்டும் நாங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஊரைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்கு நடுவே போகும்போது ஒன்றைக் கவனித்தேன். தட்டு சீராகியிருந்தது. ஒன்று, இடைவெளி, ஒன்று, அதே இடைவெளி. மாடு நிதானமாக நடக்கிற மாதிரி. இளைப்பு அடங்கிவிட்டது, சமவெளிக் காற்று பட்டதும் நெஞ்சு விட்டுக்கொடுத்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, மலைய வுட்டு எறங்கனா சரியாயிடும்னு நான் சொல்லலை?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். பதில் வரவில்லை. இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். தோளில் தட்டு மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது. அவளுக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்தில் மனசுக்குள் சேர்த்துக்கொண்டுகூட வந்தேன்.

பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை. கோடாலியும் துண்டுமாகப் பத்துப் பதினைந்து பேர் எழுந்து நின்றார்கள்; பாதிப் பேர் எனக்குத் தெரிந்த முகங்கள். நான் பிரேக் போட்டு, "ஆஸ்பத்திரி கேசுப்பா! ஒரு கை புடிங்க, அந்தப் பக்கம் தூக்கிடலாம்!" என்று கத்திக்கொண்டே இன்ஜினை அணைத்தேன்.

அமைதி வந்தது. அதற்குள்ளே ஒரு சத்தமும் இல்லை.

என் தோளில் அந்தக் கை தட்டிக்கொண்டே இருந்தது. ஒன்று. இடைவெளி. ஒன்று.

நான் திரும்பவில்லை. மரத்துப் பக்கமிருந்து ஓடி வந்தவர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருத்தராக அப்படியே நின்றுவிட்டார்கள். அப்புறம்தான் புளிக்காரர் கையை எடுத்தார்.

"எந்த எடத்துலப்பா?" என்று கேட்டேன்.

"ஊரத் தாண்டறப்பவே அண்ணா. உங்க தெருவாண்ட."

"அப்புறம் எதுக்குடா தட்டினே? எதுக்குடா!" அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். இரண்டு பேர் வந்து என்னை இழுத்தார்கள். அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவே இல்லை. ஒரு கையால் அப்போதும் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் தட்ற வரைக்கும் உங்களுக்கு அக்கா இருந்துச்சுங்களே. எப்டிங்கண்ணா நிறுத்தறது?"

மரத்துப் பக்கம் நின்றவர்கள் வண்டியைத் தள்ளித் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கு டீசல் தாராளமாக இருந்தது. இன்ஜினைப் போட்டேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பின்னால் யாருமே இல்லாத மாதிரி இருந்தது. என்னால் ஓட்ட முடியவில்லை.

"தட்டுப்பா" என்றேன்.

ஊர் வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தார்.